வேப்பிலைக்குக் கிடைத்த மரியாதை

தைலம்மாளின் கோபத்தைப் பற்றிக் கல்வராயன் மலையில் உலவும் கதைகளில் பாதி பொய். எந்தப் பாதி என்று என்னைக் கேட்காதீர்கள். சாமைக் காட்டுக்குள் கரடி புகுந்தபோது அவள் கையில் ஒரு குச்சிகூட எடுக்கவில்லை, வரப்பில் நின்று திட்டினாள், கரடி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய்விட்டது, போகிற போக்கில் தான் மிதித்த பயிரை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனது என்பார்கள். பயிரை நிமிர்த்தியது நான் சேர்த்தது. கரடி போனது நிஜம்.

ஆனால் சென்ற பங்குனியில் அவளுக்கு வந்த கோபம் கரடிக் கதை அல்ல. அதில் கூட்டிச் சொல்ல இடமே இல்லை.

வெள்ளிமலைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி முப்பது வீடுகள் உள்ள ஊர் அவளுடையது. வயது நாற்பத்தெட்டு. இரண்டு ஏக்கரில் சாமையும் மரவள்ளியும். மகளை மூங்கில்துறைப்பட்டில் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் அவளும் கணவன் சின்னப்பையனும்தான். அவள் கோபக்காரி, அவன் பேச்சுக்காரன். வழியில் போகிறவனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, போனமுறை விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடங்குவான். போனமுறை வந்தவன் வேறு ஆள் என்பது பாதியில்தான் தெரியவரும்.

ஆடி மாதம் களை எடுத்துக்கொண்டிருந்தபோது இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. சேலத்தில் அறுத்து எடுத்தார்கள். அதோடு முடியவில்லை. இருபத்தொரு நாளைக்கு ஒரு தடவை கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு வந்து மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும், மொத்தம் ஆறு தடவை என்றார்கள். முதல் தடவை முடிந்ததும் முடி கொட்டியது. கொத்துக் கொத்தாகக் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமை இல்லாமல், மிச்சத்தை அவளே மழித்துக்கொண்டாள். "போறதுன்னா ஒரேயடியா போ. இன்னா இழுத்துக்கினு கெடக்கற?" என்று முடியைத் திட்டியதாகக் கேள்வி.

அங்கே மருந்து ஏற்றும் நர்ஸ் கிரேஸ், வடக்கனந்தல்காரி. பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள்.

"இந்த மருந்து கெட்டதையும் அழிக்கும், ரத்தத்துல இருக்கிற வெள்ளை அணுவையும் அழிக்கும்க்கா. அந்த அணுதான் உங்களுக்குக் காவல்காரன். அது மறுபடி ஏர்ற வரைக்கும் கூட்டம் ஆவாது. சளி, இருமல் இருக்கிறவங்க பக்கத்துல வரக்கூடாது. காய்ச்சல் வந்துச்சின்னா மருந்து ஏத்த மாட்டாங்க. தெனம் ரெண்டு முட்ட, நல்லா வேவ வெச்சி சாப்புடுங்க."

"கூட்டம் வராம நான் பாத்துக்கிறேன் சிஸ்டர்" என்று தைலம்மாள் சொல்லிவிட்டு வந்தாள். அவள் ஊரை அவளே சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.

அந்த ஊரில் ஒருவர் வைத்தியத்துக்குக் கிளம்பினால், முந்தின நாள் ஊரே வந்து பார்க்க வேண்டும். வராதவன் பகையாளி. பெரியவர்கள் வந்தால் திருநீற்றை உள்ளங்கையில் வைத்து, நோயாளியின் நெற்றிக்கு நேராகப் பிடித்து 'பூ' என்று ஊத வேண்டும். எவ்வளவு வேகமாக ஊதுகிறார்களோ அவ்வளவு பாசம். ஊர்க்கவுண்டர் சடையன் ஊதினால், நெற்றியில் ஒட்டியது போக மிச்சம் மலைக்குக் கீழே கச்சிராயபாளையத்தில் போய் இறங்கும்.

இரண்டு தடவை தப்பித்தாள். மூன்றாவது தடவைக்கு முந்தின நாள் சடையன் வந்தார். நாலு நாளாக அவருக்கு இருமல். இருமலோடு ஊதினார். ஊதிவிட்டு இருமினார். சின்னப்பையனின் அண்ணன் மனைவி ரங்கம்மாள், மூக்கு ஒழுகும் பேத்தியைக் கொண்டுவந்து, "பாவம், கொழந்தய தூக்கினா மனசு லேசாவும்" என்று தைலம்மாளின் மடியில் வைத்தாள். ரொட்டிப் பாக்கெட்டுகள் மட்டும் பதினேழு சேர்ந்தன. மறுநாள் ஆஸ்பத்திரியில் இறங்கும்போதே அவளுக்கு நூற்றிரண்டு டிகிரி. ஊசி போட்டு ஐந்து நாள் படுக்க வைத்தார்கள். மருந்து ஏற்றவில்லை.

டாக்டரம்மா வந்து மறைக்காமல் சொன்னார். "இதெல்லாம் நாள் தவறாம போகணும்மா. ஒரு தடவ தள்ளிப்போச்சு, சரி. திரும்பத் திரும்பத் தள்ளினா, இதுவரைக்கும் ஏத்தின மருந்தும் வீணாப் போகும். நோய்க்கு நாமே லீவு குடுத்த மாதிரி ஆயிடும். இன்னும் ரெண்டு வாரம் கழிச்சு, திங்கட்கிழமை வாங்க. காய்ச்சல் இல்லாம வாங்க."

அந்தத் திங்கட்கிழமைதான் தைலம்மாளுக்கு உயிர்.

ஊருக்குத் திரும்பியதும் நடுத்தெருவில் நின்று கத்தினாள். "யாரும் என் வூட்டுக்கு வராதீங்க! வந்தா எனக்குக் காய்ச்ச வரும், மருந்து ஏத்த மாட்டாங்க! என்னப் பாக்கணும்னா திங்கக்கெழம கழிச்சிப் பாருங்க!"

ஊர் சிரித்தது. மறுநாள் காலையிலேயே ரங்கம்மாள் ரொட்டிப் பாக்கெட்டோடு வந்துவிட்டாள்.

"நான் சொன்னது காதுல வுழலயாக்கா?"

"வுழுந்துச்சிடி. ஊருக்குத்தான சொன்ன? நான் ஊரா?" என்று சொல்லிக்கொண்டே அவள் உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

தைலம்மாள் வாசலில் முள்படல் கட்டினாள். ஊர்க்காரர்கள் படலைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். போகும்போது மறக்காமல் திரும்ப எடுத்துச் சாத்திவிட்டும் போனார்கள். நல்ல ஜனங்கள். சின்னப்பையன் வேறு, "வாங்க வாங்க, அவ அப்படித்தான் கத்திக்கினு இருப்பா, நீங்க உக்காருங்க" என்று பாயை விரித்துப் போட்டான்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை தைலம்மாள் கொல்லைக்குப் போய் ஒரு கட்டு வேப்பிலை ஒடித்து வந்தாள். நிலைப்படியின் இரண்டு பக்கமும் சொருகினாள். மிச்சத்தைக் கட்டிலில் பரப்பினாள்.

"இன்னாடி இது? யாருக்கு அம்ம?" என்றான் சின்னப்பையன்.

"உனக்கு."

"எனக்கா? எனக்கு ஒன்னும் இல்லியே."

"இப்போ இருக்குது. படு."

அவன் மறுக்க வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்தான். கரடி செய்ததையே செய்தான்.

வேப்பிலை சொருகிய வீட்டுக்கு அந்த மலையில் யாரும் போக மாட்டார்கள். உள்ளே தாய் இறங்கியிருக்கிறாள் என்று அர்த்தம். சண்டை கூடாது, சத்தம் கூடாது, கடுகு தாளிக்கக் கூடாது, கறி, முட்டை கூடாது. தப்பித்தவறி வந்தவர்கள் 'போய்ட்டு வரேன்' என்று சொல்லக்கூடக் கூடாது. அது தன்னைச் சொன்னதாக எண்ணி ஆத்தாளும் போய்விட்டுத் திரும்பி வந்துவிடுவாளாம். ஒரே காலையில் முப்பது வீடும் விலகிக்கொண்டது. நேற்றுவரை படலைத் தூக்கியவர்கள், இன்று படலுக்கு இருபது அடி முன்பே செருப்பைக் கழற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ரங்கம்மாள் படலோரம் கூழ்ப்பானையை வைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து போனாள். திரும்பிப் பார்க்காமல் நடந்தவள் பஞ்சாயத்துக் குழாய் வரை போய் முட்டிக்கொண்டாள்.

வீடு அமைதியாயிற்று. கிரேஸ் சொன்னபடியே எல்லாம் நடந்தது. கொதித்து ஆறிய தண்ணீர், சாமைக் கஞ்சி, காலையும் மாலையும் நெற்றியில் வைத்துப் பார்க்கும் கை. எல்லாம் நன்றாக இருந்தும் தைலம்மாள் கொதித்துக்கொண்டே இருந்தாள்.

"ஒரு கொத்து எல" என்றாள், கஞ்சியைக் கிண்டிக்கொண்டே. "ஆடு கூட மூந்து பாத்துட்டுப் போற எல. அதச் சொருவினா ஊரு ஓடுது. நான் மனுஷி, வாயத் தொறந்து சொன்னா சிரிக்குது."

"அதான் காரியம் நடந்துடுச்சே, வுடு" என்றான் கட்டிலில் கிடந்த கணவன்.

"நீ பேசாத. அம்ம போட்டவன் பேசக்கூடாது."

அவனுக்குத்தான் உண்மையான தண்டனை. பேச ஆள் இல்லை, கருவாடு இல்லை, உடம்பெல்லாம் வேப்பிலை குத்துகிறது. ஐந்தாம் நாள் அவன் ஓட்டுக்கூரையில் இருந்த பல்லியோடு பேசிக்கொண்டிருந்தான். பல்லியும் பதில் சொன்னது என்று பின்னாளில் என்னிடம் சத்தியம் செய்தான். ஊர் வழக்கப்படி மூன்றாம் நாள், ஐந்தாம் நாள், ஏழாம் நாள் அவன் தலைக்கு மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீர் ஊற்றினாள். அதைத் தூரத்திலிருந்து ஊர் பார்த்துத் திருப்திப்பட்டது.

முட்டை மட்டும்தான் சிக்கல். அம்மை வீட்டில் முட்டை ஆகாது. அவளுக்கோ தினம் இரண்டு முட்டை மருந்து மாதிரி. விடியும் முன் வேகவைத்துத் தின்றுவிட்டு, ஓடுகளைக் கொல்லையில் வாழைமரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தாள்.

எட்டு நாள் கழித்து, சனிக்கிழமைதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. மூன்று தண்ணீர் ஊற்றினால் மட்டும் போதாது. அடுத்து வரும் செவ்வாய்க்கிழமை மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றிய பிறகுதான் அம்மை கண்ட வீட்டார் ஊர் எல்லையைத் தாண்டலாம். கோபத்தில் வேப்பிலையைச் சொருகினாளே தவிர, நாளை எண்ணவில்லை. அவளுக்குப் போக வேண்டியது திங்கள். செவ்வாய் அதற்கு மறுநாள்.

"இன்னா பண்ணப் போற?" என்றான் சின்னப்பையன்.

"போவப் போறேன்."

ஞாயிற்றுக்கிழமை பையைக் கட்டினாள். ஆஸ்பத்திரிக் காகிதங்கள் இருந்த கவர், சுடுதண்ணீர் பிளாஸ்க், போர்வை, இரண்டு துண்டு, வாந்தி வந்தால் கடித்துக்கொள்ள நார்த்தங்காய் ஊறுகாய், வெறும் வயிற்றுக்குப் பொரி. நகத்தை ஒட்ட வெட்டினாள். ஊசி குத்தும் வலது கையை வெந்நீரில் வைத்து நரம்பைத் தடவிப் பார்த்தாள். "நாளைக்கி ஒழுங்கா ஆப்புடணும். அன்னிக்கி மாதிரி ஓடி ஒளிஞ்ச, தெரியும் சேதி" என்று நரம்பை மிரட்டினாள். நெற்றியில் கை வைத்தாள். சூடு இல்லை.

அதே நேரத்தில் கொல்லையில் ரங்கம்மாளின் கோழி வாழைமரத்தடியைச் சீய்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கோழியும் எசமானியைப் போலத்தான். வேலி, படல், வேப்பிலை எதுவும் அதற்குப் பொருட்டில்லை. தேடிக்கொண்டு வந்த ரங்கம்மாள் வேலிக்கு அப்பாலிருந்து பார்த்தாள். மண்ணுக்கு மேலே வெள்ளை வெள்ளையாக முட்டை ஓடு.

திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்குத் தார்ச்சாலைக்குக் கள்ளக்குறிச்சி பஸ் வரும். தைலம்மாளும் சின்னப்பையனும் ஆறு மணிக்கே போய் நின்றார்கள். அவர்களுக்கு முன்பே சடையன் அங்கே நின்றார். பக்கத்தில் ரங்கம்மாள், முந்தானையில் முட்டை ஓட்டைக் கட்டிக்கொண்டு. பின்னால் பதினைந்து பேர்.

"எங்கம்மா கெளம்பிட்ட?" என்றார் சடையன்.

"ஆஸ்பத்திரிக்கி மாமா. அங்கயே நில்லுங்க. பத்து அடி தள்ளி நில்லுங்க எல்லாரும்."

"நாளைக்கிக் கூழ் ஊத்தாம எல்ல தாண்டக்கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

ரங்கம்மாள் முந்தானையை அவிழ்த்து ஓடுகளைச் சாலையில் கொட்டினாள். "கூழ வுடுங்க மாமா, இதக் கேளுங்க. ஆத்தா இருக்கற வூட்ல முட்ட அவிச்சித் தின்னுருக்கா! நான் ஒரு வாரமா அவ வூட்டு வாசல்ல கூழு வெச்சி, வாயப் பொத்திக்கினு வந்தேன். இவ உள்ள முட்ட துன்னுக்கினு இருந்தாளாம்! ஊருக்கு எதாச்சும் ஆனா யாரு பொறுப்பு?"

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. கூழ் ஊற்று, மன்னிப்புக் கேள், மூன்று நாள் விளக்குப் போடு, பிறகு போ என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். மூன்று நாள்! வளைவில் பஸ் திரும்பும் சத்தம் கேட்டது.

தைலம்மாள் பையைக் கீழே வைத்தாள்.

"அவருக்கு அம்மயும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பொய் சொன்னேன்."

பஸ் வந்து நின்றதை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஆத்தாள வெச்சிப் பொய் சொன்னியா?" சடையன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சொன்னேன். வேற இன்னா பண்ணச் சொல்றீங்க? வாயால சொன்னேன். கையெடுத்துக் கும்புட்டுச் சொன்னேன். தெருவுல நின்னு தொண்ட கிழியச் சொன்னேன். நீங்க வந்தா எனக்குக் காய்ச்ச வரும், காய்ச்ச வந்தா மருந்து ஏத்த மாட்டாங்க, ஏத்தலனா நான் செத்துப்பூடுவேன்னு சொன்னேன். ஒருத்தர் கேட்டீங்களா? மாமா, அன்னிக்கி நீங்க இருமிக்கினே என் மூஞ்சில ஊதினீங்க. அக்கா, நீ மூக்கு ஒழுவுற கொழந்தய என் மடியில வெச்ச. அஞ்சி நாள் ஊசி எனக்கு. உங்க யாருக்கும் ஒரு ஊசி கூட இல்ல."

"பாசத்துலதானடி..." என்றாள் ரங்கம்மாள்.

"உன் பாசத்த கொண்டு போயி கெணத்துல போடு! ஒரு கொத்து வேப்பல சொருவினேன், முப்பது வூடும் செருப்பக் கழட்டிக்கினு நின்னுச்சி. முப்பது வருசமா இந்த ஊர்ல குப்ப கொட்றேன். உங்க காட்ல நாத்து நட்டேன், உங்க வூட்டுச் சாவுக்கு அழுதேன். அந்த எலைக்கு இருக்கற மரியாத என் வாய்க்கி இல்லியா? நான் சொன்னா ஓடமாட்டீங்க, எல சொன்னா ஓடுவீங்களா?"

சடையன் சற்றே இறங்கினார். "அது இல்லம்மா. ஆத்தா பொறுப்பாளா?"

"பொறுக்கலன்னா என்கிட்ட வந்து கேக்கட்டும். அவளுக்கும் கோவம் வரும், எனக்கும் கோவம் வரும். நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிறோம். நீங்க நடுவுல ஊதாதீங்க."

பஸ் ஓட்டுநர் ஐயப்பன் தலையை வெளியே நீட்டினான். "யக்கா, ஏர்றியா இல்லியா? அம்ம போட்டிருக்குன்னு சொல்றாங்க, உள்ள கைக்கொழந்தைங்க இருக்குது."

தைலம்மாள் திரும்பி, கணவனின் சட்டையைப் பிடித்து ஒரே இழுப்பில் கழற்றினாள். வெற்று உடம்போடு அவனைப் பஸ்ஸின் முன் நிறுத்திச் சுற்றவிட்டாள்.

"பாருங்க! எல்லாரும் நல்லாப் பாருங்க! ஒரு கொப்புளம் இருந்தா காட்டுங்க, நான் இங்கயே நிக்கிறேன்!"

பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் சின்னப்பையனின் முதுகை ஆராய்ந்தார்கள். கண்ணாடி போட்ட ஒருவர் எழுந்து வந்து கிட்டத்திலும் பார்த்தார். வலது தோளில் ஒரு கொசுக்கடி மட்டும்தான் தேறியது. பத்து நாள் பேச்சில்லாமல் கிடந்த சின்னப்பையன், கிடைத்த வாய்ப்பை விடாமல், "அது நேத்து கடிச்சதுங்க, நான் படுத்துக்கினு இருந்தேன், ஒரு கொசு..." என்று ஆரம்பித்தான்.

"ஏறு" என்றாள் தைலம்மாள்.

பஸ் கிளம்பியது. அவள் முன்சீட்டில் தனியாக, மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சொல்லாமல் விட்ட வசவுகள் இன்னும் பாக்கி இருந்தன. அவற்றைத்தான் அவள் ஒவ்வொரு வளைவிலும் முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

கள்ளக்குறிச்சியில் எட்டரைக்கு ரத்தம் எடுத்தார்கள். மிரட்டல் பலித்து நரம்பு முதல் குத்திலேயே அகப்பட்டது. முடிவு வரப் பத்தரை ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரமும் தைலம்மாளுக்குக் காலையில் நடந்ததே நினைப்பு. பஸ் நிறுத்தத்தில் அத்தனை பேர் நடுவில் நின்று கத்தியிருக்கிறாள். அதில் யாராவது ஒருவர் இருமியிருந்தால்? நெற்றியில் கை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

கிரேஸ் காகிதத்தோடு வந்தாள். "காய்ச்சல் இல்ல. வெள்ளை அணு நாலாயிரத்து எரநூறு. ஏத்திடலாம்க்கா."

தைலம்மாள் கட்டிலில் சாய்ந்து கையை நீட்டினாள். பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக மருந்து இறங்கத் தொடங்கியது.

"சிஸ்டர், கோவப்பட்டா அந்த அணு ஏறுமா?"

"அப்படி ஒன்னும் பொஸ்தகத்துல இல்லியேக்கா."

"எழுதிக்கச் சொல்லுங்க."

சாயங்காலம் வெயில் இருக்கும்போதே ஊர் திரும்பினார்கள். அவளுக்குக் குமட்டல், கால் பின்னியது. வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றாள். நிலைப்படியில் காய்ந்த வேப்பிலை இல்லை. அந்த இடத்தில் இரண்டு பக்கமும் புதுக் கொத்து, பச்சையாகச் சொருகியிருந்தது. யார் சொருகியது என்று தெரியவில்லை.

"நல்லதாப் போச்சி" என்றான் சின்னப்பையன். "இன்னும் மூணு தடவ இருக்குதே. இதுவே தொங்கட்டும். ஒருத்தரும் வரமாட்டாங்க."

"இதுக்கா நான் ரோட்ல நின்னு கத்தினேன்?" அவள் குமட்டலோடு எட்டிக் கொத்தைப் பிடுங்கினாள். "கொண்டு போயி ஆத்தா கோயில்லயே வெச்சிட்டு வா. எரவல் வாங்கினது போதும்னு சொல்லு."

மறுநாள் காலை. நிலைப்படி வெறுமையாக இருந்தது. முள்படல் மட்டும் சாத்தியிருந்தது. சுண்டு விரலால் தூக்கிவிடலாம். ரங்கம்மாள் ஒரு சின்னக் கூடையோடு வந்தாள். படலில் கை வைத்தாள். ஊரே அவரவர் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது.

கையை எடுத்துக்கொண்டாள்.

"தைலா, வரட்டுமா?"

உள்ளே இருந்து பதில் வந்தது. "வராத."

ரங்கம்மாள் கூடையைப் படலோரம் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். இந்தத் தடவை முகத்தை முன்பக்கம் வைத்துக்கொண்டே நடந்தாள். அந்த ஊர் உண்டான நாளிலிருந்து, ஒருத்தி சொன்னதற்காக இன்னொருத்தி திரும்பிப் போனது அதுதான் முதல் தடவை என்று சொல்வேன். வேண்டுமானால் இதையும் நான் சேர்த்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

கூடையில் ஆறு முட்டைகள் இருந்தன. ஒன்றில் விரிசல். தைலம்மாள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நின்று கத்தினாள்.

"ஒடஞ்ச முட்டயா குடுப்ப? இத நான் எப்படி சாப்புடறது? அந்தக் கோழிக்கிப் புத்தி சொல்லி வளத்தியா நீ?"

ரங்கம்மாள் தன் வீட்டு வாசலில் இருந்தபடியே பதில் சொன்னாள். நாற்பது அடி தூரம். அன்று மத்தியானம் வரை இருவரும் அப்படியே சண்டை போட்டார்கள். அடுத்த மருந்துக்கு இன்னும் இருபது நாள் இருந்தது.